தெரியாதவரின் இசைவு இசைவாகுமா?

கொடுப்பவரும் கொள்பவரும் மனமொத்துவிட்டால் அந்த வாணிகத்தில் குற்றமில்லை என்பது உலக வழக்கு. விலை சொல்லப்பட்டது, வாங்குபவர் சரி என்றார், பணம் கைமாறியது, இதில் களவு எங்கே, பொய் எங்கே என்று கேட்பார்கள். பெரும்பாலான கொடுக்கல் வாங்கலுக்கு இது பொருந்தவும் செய்யும். காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். துணிக்கடையில் புடவையை விரித்துப் பார்த்து வாங்குகிறோம். அங்கே நம் கண்ணும் கையுமே நமக்குத் துணை. ஆனால், விற்பவருக்கு நன்கு தெரிந்து வாங்குபவருக்குச் சிறிதும் தெரியாத ஒன்றில், வாங்குபவர் சொல்லும் 'சரி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? தெரியாதவரின் இசைவு இசைவாகுமா? நம் இல்லங்களில் இன்று அடிக்கடி நிகழும் ஒரு சிறு செயலை வைத்து இவ்வினாவை ஆராயலாம். அச்செயல், காரைச் சர்வீசுக்கு விடுதல்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் சமூகத்தில் கார் வைத்திருந்த இல்லங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று நிலைமை வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் பிள்ளைகள் பொன்னூர்மலைக்கும் திருமலைக்கும் மேல்சித்தாமூருக்கும் குடும்பத்தோடு காரில் வந்து தரிசித்துச் செல்கின்றனர். நான் வசிக்கும் வேங்கிக்காலில் கார் நிற்காத தெருவைக் காண்பது அரிது. காரை ஓட்டக் கற்றுக்கொண்டோம். ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கற்றோமில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் எடுத்துக்கொண்ட வினா எழுகிறது.

பட்டியலில் இருந்தவை

எங்கள் தெருவில் ஓர் இல்லத்தார், இரண்டாண்டு ஓடிய தம் காரைச் சர்வீசுக்கு விட்டுப் பெற்ற பட்டியலை என்னிடம் காட்டினர். தொகை சற்றேறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், சோதனைக் கூலி ஆகியவை முதலில் இருந்தன. அவற்றின் கீழே என்ஜினை உட்புறம் கழுவும் ஃபிளஷ், இன்ஜெக்டர் சுத்தம் செய்தல், ஏ.சி. கிருமிநீக்கம், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, டயருக்கு நைட்ரஜன் என்று ஐந்து வரிகள். காரோடு தரப்பட்ட கையேட்டை எடுத்துவரச் சொல்லி, பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைத் திறந்தோம். முதலில் இருந்தவை அங்கே இருந்தன. பின்னர் இருந்த ஐந்தும் இல்லை. பட்டியல் தொகையில் ஏறக்குறையப் பாதி அந்த ஐந்துக்கே சென்றிருந்தது. "நல்லது என்று சொன்னார்கள், சரி என்று சொல்லிவிட்டோம்" என்றார் இல்லத்தலைவர்.

அவர் சொன்ன அந்த வாக்கியமே நம் ஆராய்ச்சிக்குரியது. சொன்னவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. துருத்தடுப்புப் பூச்சு கடலோர ஊர்களில் பயன்படக்கூடியதே. ஆனால் 'நல்லது' என்பது வேறு, 'வேண்டியது' என்பது வேறு. நல்லது என்ற சொல் வேண்டியது என்று கேட்பவர் செவியில் விழுமாறு சொல்லப்பட்டது. அப்படித்தான் விழும் என்பது சொன்னவருக்கும் தெரியும்.

வேண்டுவன எவை?

இங்கே ஒரு தெளிவு இன்றியமையாதது. காருக்கு வேண்டுவனவற்றை வேண்டா என்று தள்ளுவது சிக்கனம் ஆகாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அதன் கொதிநிலை தாழ்ந்து, நெடிய இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கையில் பிடிப்புக் குறையும். ஆகவே கையேடு குறித்த காலத்தில் அதனை மாற்றியே தீரவேண்டும். பிரேக் கட்டைகளும் அவ்வாறே. நம் மாவட்டத்து வெயிலுக்குக் கூலன்ட் சரியான அளவில் இருத்தல் வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் புதிய டயர் வாங்க வேண்டும் என்பது பொருள். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பௌர்ணமிதோறும் மக்கள் வெறுங்காலோடு நடக்கின்றனர். பாதையைக் குறுக்கே கடக்கும் காரின் பிரேக், காருக்குள் இருப்பவரை மட்டும் காப்பதன்று. அதற்குரிய செலவை மறுப்பவர் பணத்தை மிச்சப்படுத்திப் பிற உயிர்க்கு இடர் சேர்க்கிறார்.

இனி, மற்றவற்றைப் பார்ப்போம். உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டுவரும் என்ஜினுக்கு ஃபிளஷ் பொதுவாக வேண்டுவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். டயருக்கு அதைத் தனியே விலைகொடுத்து நிரப்புவதினும், மாதம் ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதே பயன் தரும். உரிய அழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அது அழுக்கேறியதா இல்லையா என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். கார் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒருபுறம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட் வேண்டும். இவையெல்லாம் மறைபொருள்கள் அல்ல, கையேட்டில் இருப்பவை. நாம்தான் படிப்பதில்லை.

நம்பி வாங்கும் பண்டம்

வாங்கும் பொருள்களைப் பொருளியலறிஞர் மூவகையாகப் பிரிப்பர். வாங்குமுன்பே தரம் அறியத்தக்கவை ஒருவகை, புடவை போல்வன. நுகர்ந்த பின் தரம் அறியத்தக்கவை இன்னொரு வகை, மாம்பழம் போல்வன. நுகர்ந்த பின்னும் தரத்தை அறியவியலாதவை மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையை 1973-ஆம் ஆண்டில் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இரு அறிஞர்கள் தனியே பிரித்துக் காட்டினர். நம்பிக்கைப் பண்டம் என்று நாம் தமிழில் சொல்லலாம். பழுதுபார்க்கும் பணி இவ்வகையைச் சார்ந்தது. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்த பின் கார் நன்றாக ஓடுகிறது. சுத்தம் செய்யாவிடினும் நன்றாகத்தான் ஓடியிருக்குமோ? அது நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஏமாந்தவருக்குத் தாம் ஏமாந்தது கடைசிவரை தெரியாது என்பதுதான் இவ்வகை வாணிகத்தின் தனித்தன்மை. பிடிபடும் அச்சம் இல்லாத இடத்தில்தான் ஒருவரது ஒழுக்கம் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் அங்கே ஒருவரே. இந்நிலை ஆசிரியப் பணியில் இருந்தோர்க்குப் புதிதன்று. "உங்கள் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தேவை" என்று ஓர் ஆசிரியர் பெற்றோரிடம் சொல்லி, அத்தனிப்பயிற்சியைத் தம் வீட்டிலேயே கட்டணத்துக்கு நடத்துவாரானால், அந்த அறிவுரையை எப்படி எடுத்துக்கொள்வது? உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் பெற்றோருக்கு அதை ஆராய வழியில்லை. அதனாலன்றோ 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 28-ஆம் பிரிவில், ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று விதித்தது! சொல்பவரையும் விற்பவரையும் சட்டமே அங்கே பிரித்துவைத்தது. கார் பட்டறையில் அப்படிப் பிரிப்பதற்கில்லை. ஆகவே அங்கே சட்டத்தைவிட மனச்சான்றுக்கு வேலை மிகுதி.

ஆகமம் காட்டும் வழி

'அவரே சரி என்று சொன்னாரே' என்னும் வாதத்துக்கு நம் ஆசாரியர்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டனர். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், வாய்மை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது மித்யோபதேசம். அதாவது பிறரைத் தவறான வழியில் செலுத்தும் உபதேசம். கூடலேககிரியை என்பது பொய்யான எழுத்து; செய்யாத பணியைப் பட்டியலில் ஏற்றுவது இதன்பாற்படும். நியாசாபகாரம் என்று ஒன்றும் அங்கே உண்டு. அடைக்கலப் பொருளைக் கவர்தல் என்பது அதன் பொருள்.

அடைக்கலப் பொருளைக் கவர்வது களவாயிற்றே, அதனை ஏன் வாய்மை விரதத்தின்கீழ் வைத்தார்கள் என்ற ஐயம் எழலாம். பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரை அதனை விளக்குகிறது. ஒருவர் பொன் முதலியவற்றை இன்னொருவரிடம் ஒப்படைத்திருந்தார். நாளடைவில் எவ்வளவு ஒப்படைத்தோம் என்பதை மறந்து, குறைத்துக் கேட்கிறார். பொருளை வைத்திருப்பவர், 'ஆம், அவ்வளவுதான்' என்று இசைந்து, கேட்டதை மட்டும் கொடுத்துவிடுகிறார். அங்கே வன்முறை இல்லை. கேட்டவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது. அவர் மனநிறைவோடும் சென்றிருப்பார். ஆயினும் அது விரதத்துக்குக் கேடு என்றனர் ஆசாரியர். ஏன்? ஒருவர் அறியாமையை இன்னொருவர் அறிந்துவைத்துக்கொண்டு, அதனைத் திருத்தாமல், அதிலிருந்து ஆதாயம் அடைந்தமையால்.

இதைக் காருக்குப் பொருத்திப் பார்ப்போம். சாவியைக் கொடுக்கும்போது நாம் காரை மட்டும் ஒப்படைக்கவில்லை. 'எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்' என்ற நம்பிக்கையையும் ஒப்படைக்கிறோம். அதுவும் அடைக்கலப் பொருளே. அந்த நம்பிக்கையைக் கொண்டே நம்மிடம் கூடுதலாகப் பெறுவது, பொன்னை எண்ணிக் குறைத்துக் கொடுப்பதினின்றும் வேறுபட்டதன்று. ஆகவே, தெரியாதவரின் இசைவு, தெரிந்தவர் உள்ளதை உள்ளவாறு எடுத்துரைத்த பின்னரே இசைவாகும் என்பது தெளிவு.

தேவையற்ற பணியால் எவருக்கும் தீங்கில்லையே என்பாரும் உண்டு. அவர்கள் அனர்த்த தண்ட விரதத்தை எண்ணிப் பார்க்கட்டும். பயனில்லாத செயலால் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றுக்கும் அவற்றைச் சார்ந்த உயிர்களுக்கும் ஊறு செய்யாதிருப்பதே அவ்விரதம். காலம் முடியுமுன் மாற்றப்படும் எண்ணெய், கழுவி ஊற்றப்படும் இரசாயனம், இன்னும் உழைக்கக்கூடிய நிலையில் எறியப்படும் உறுப்பு ஆகிய யாவும் எங்கோ ஒரு மண்ணிலும் நீரிலும் சேர்கின்றன. பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் அரசு விதிகள் வகைப்படுத்துகின்றன. வேண்டிய செயலில் நேரும் ஊறு தவிர்க்கவியலாதது. வேண்டாத செயலில் நேரும் ஊறு அனர்த்தம்.

பழி யாருக்கு?

சர்வீஸ் நிலையத்தில் நம்மிடம் பேசும் இளைஞரை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசு, சியர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் கார் பட்டறைகள்மீது குற்றம் சாட்டியது. அரசின் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களைப் போல் 38 முறை கார்களைக் கொண்டு சென்றதில், 34 முறை தேவையற்ற பணிகள் செய்யப்பட்டதாகத் தெரிவித்தது. அப்பணியாளர்கள் எல்லாரும் தீயவர்களா? அல்லர். விற்பனைக்கேற்ற கமிஷனும், இத்தனை உறுப்புகள் விற்றாக வேண்டும் என்ற இலக்கும் அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்தன. பின்னர் அந்நிறுவனம் பழுதைச் சொல்லும் பணியாளர்க்குக் கமிஷன் தரும் முறையைக் கைவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு ஈடும் வழங்கியது.

தீவினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வோர்க்கு உடன்படல் என மூன்றாக நம் நூல்கள் பிரிக்கின்றன. மாத இலக்கு வைக்கும் முதலாளியும் மேலாளரும் செய்விப்போர். நம் பிள்ளைகளில் பலர் இன்று பல நிறுவனங்களில் இலக்கு வைக்கும் நாற்காலிகளில் அமர்ந்துள்ளனர். 'நான் ஒருவரையும் ஏமாற்றவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டேன்' என்று அவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்ளலாகாது. அந்த எண்ணிக்கை யாருடைய அறியாமையிலிருந்து வருகிறது என்று ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும்.

நம் நாட்டிலும் இத்துறையின் குறைகள் ஆராயப்பட்டுள்ளன. ஒரு நுகர்வோரின் முறையீட்டின்மேல் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளும் பழுதறியும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காதவாறு கட்டுப்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு. வெளியே பழுதுபார்த்தால் வாரண்டியே போய்விடும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை விதிக்கலாகாது என்றும் ஆணையம் பணித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன என்பதையும் சொல்லவேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, ஒரு பொருளோ பணியோ தேவை என்று பொய்யாகவோ திரித்தோ கூறுவதை நேர்மையற்ற வாணிகம் என்றே வரையறுக்கிறது. பட்டியல் தர மறுப்பதையும் அவ்வாறே கொள்கிறது. முறையிட விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் இருப்பின், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடரலாம்.

நம் கடமை

விற்பவர் கடமையைச் சொன்னோம். வாங்குபவர்க்கும் கடமை உண்டு. அறிந்துகொள்ளக்கூடியதை அறியாதிருப்பது பெருமையன்று.

காரைச் சர்வீசுக்கு விடுமுன் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் படித்து, இந்தக் கிலோமீட்டருக்கு, இத்தனை மாதத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேற்பட்ட எப்பணியையும் தொலைபேசியில் கேட்டபின்னரே செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிதாக ஒன்றைச் சொன்னால் மூன்று வினாக்கள் போதும்: இது கையேட்டில் எங்கே இருக்கிறது? இப்போது செய்யாவிட்டால் என்ன நேரும்? பழுதான உறுப்பைக் காட்ட முடியுமா? மாற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கையேட்டில் இல்லாத கூடுதல் பணியை மறுப்பதனால் வாரண்டி போய்விடாது; கையேட்டில் உள்ளதைச் செய்யாமல் விட்டால்தான் இடையூறு வரும்.

இவ்வினாக்களைக் கேட்கும்போது குரலில் கடுமை வேண்டா. எல்லாரையும் கள்வராக எண்ணுவதும் ஒருவகை ஹிம்சையே. கையில் கிரீசோடு நிற்பவரின் நியாயமான கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, 'ஏமாறாமல் வந்தேன்' என்று மகிழ்வோரும் உளர். அவரும் கள்ளாமை விரதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

முடிவாக ஒன்று. நம் ஊர்ப்பக்கத்து மெக்கானிக் ஷெட்களில், "இந்த டயர் இன்னும் ஆறு மாதம் ஓடும், இப்போது மாற்ற வேண்டாம், போய்வாருங்கள் அம்மா" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவருக்கு அன்றைய வருமானம் குறைகிறது. அவர் செய்தது எவருக்கும் தெரிவதில்லை. பட்டியலில் ஏறாத நேர்மைக்கு ரசீது கிடையாது. இருவரையும் நாம் ஒன்றாகவே நடத்தினால், உண்மை சொல்பவர் நட்டப்பட்டு நட்டப்பட்டு ஒருநாள் கடையை மூடுவார்; பொய் சொல்பவரே நிலைப்பார். ஆகவே அத்தகையவரைக் கண்டால் அடுத்த முறையும் அவரிடமே செல்லுங்கள். நான்கு பேரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். வாய்மையைக் காப்பது சொல்பவர் ஒருவர் கடன் மட்டுமன்று. கேட்டுப் பயன்பெற்றவர் கடனும் ஆகும்.

அடுத்த முறை திருமலைக்கோ பொன்னூர்மலைக்கோ புறப்படுமுன், காரின் முன்னறையில் உறையோடு கிடக்கும் அக்கையேட்டை வெளியே எடுங்கள். வீட்டில் படிக்கும் வயதுப் பிள்ளை ஒன்று பராமரிப்புப் பக்கத்தை உரக்கப் படிக்க, பெரியவர்கள் கேட்கட்டும். அரைமணி நேரம் போதும். அதன்பின் நாம் சொல்லும் 'சரி' என்ற சொல், தெரிந்து சொன்ன சொல்லாக இருக்கும்.